எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் உணவும் உறவும்: கேள்வி பதில்

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் மதுரையில் மாதந்தோறும் கூடிப் பேசும் சந்திப்பில், உணவியல் வல்லுநர் என்ற முறையில் நானும் பங்கேற்கிறேன். நேரில் வர இயலாதவர்கள் எழுதி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். உங்கள் அறுவை மருத்துவர் கொடுத்த உணவுத் தாள் நான் சொல்வதிலிருந்து வேறுபட்டால், அந்தத் தாளையே பின்பற்றுங்கள்.

என் கணவருக்கு ஸ்லீவ் செய்து ஒன்பது நாள் ஆகிறது. வெறும் தண்ணீராகக் குடித்துத் துவண்டுவிட்டார், குழைந்த சோறாவது கொடு என்று என் மாமியார் சொல்கிறார். கொடுக்கலாமா அம்மா? (மேலூர்)

இப்போது வேண்டாம். ஸ்லீவ் சிகிச்சையில் இரைப்பையின் ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, எஞ்சியதை ஒரு குழாய் போல ஸ்டேப்பிள் ஊசிகளால் மூடுகிறார்கள். அந்த வரிசை ஆறுவதற்கு முன்னால் கெட்டியான உணவு போய் அழுத்தம் கொடுப்பது நல்லதல்ல. பொதுவாக முதல் இரண்டு வாரம் நீர் ஆகாரம், அடுத்த இரண்டு வாரம் மசித்த உணவு, அதற்கடுத்த இரண்டு வாரம் மென்மையான உணவு, பிறகு மெல்ல மெல்ல வழக்கமான உணவு என்ற வரிசையில் போவோம். உங்கள் மாமியாரின் கவலையில் ஒரு நியாயம் இருக்கிறது. நீர் ஆகாரம் என்றால் வெறும் தண்ணீராகவே இருக்க வேண்டியதில்லை. ஆடை நீக்கிய பால், மோர், பருப்பை வேகவைத்து வடித்த நீர், மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு வடிகட்டிய காரமில்லாத ஆட்டுக்கால் சூப், மருத்துவர் சொன்ன புரோட்டீன் பவுடர் ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். மருந்து அளக்கும் சிறு குவளையில் 30 மில்லி ஊற்றி, அதைப் பத்து நிமிடமாவது எடுத்துக்கொண்டு உறிஞ்சச் சொல்லுங்கள். அந்தக் குவளையை நிரப்பித் தரும் பொறுப்பை மாமியாரிடமே கொடுத்துப் பாருங்கள். மகனைப் பட்டினி போடுகிறோம் என்ற வருத்தம் அவருக்குக் குறையும்.

நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டினாலோ, காய்ச்சல், கடுமையான வயிற்றுவலி, இடது தோள்பட்டையில் வலி, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும், விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஸ்டேப்பிள் வரிசையில் ஏற்படும் கசிவுக்கும் இரத்தக் கட்டிக்கும் இவை அடையாளமாக இருக்கலாம்.

நான் சைவம். நாளொன்றுக்கு 60 கிராம் புரதம் என்கிறார்கள். அரை இட்லிக்கே வயிறு நிறைந்துவிடுகிறது. எங்கே போவது? (திருமங்கலம்)

ஓர் இட்லியில் 2 கிராம் அளவுக்குத்தான் புரதம் இருக்கிறது. ஆகவே இட்லியிலிருந்து தொடங்கினால் கணக்கு ஒருநாளும் நிறைவேறாது. 100 கிராம் பனீரில் ஏறத்தாழ 18 கிராமும், உலர்ந்த சோயா உருண்டை 50 கிராமில் 25 கிராமும், 200 மில்லி பாலில் 6 கிராமுக்குச் சற்று மேலும் கிடைக்கின்றன. இவற்றை நான்கைந்து வேளைகளாகப் பிரித்து, குறைவதைப் புரோட்டீன் பவுடரால் நிரப்புங்கள். தட்டில் புரதத்தை முதலில் சாப்பிடுங்கள், காய் அடுத்தது, இடம் இருந்தால் மட்டுமே சோறோ இட்லியோ. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காதீர்கள். முடித்து அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

இரைப்பை பைபாஸ் செய்து நான்கு மாதம் ஆகிறது. விளக்குத்தூண் பக்கம் நண்பர்களோடு போனபோது ஒரு டம்ளர் ஜிகர்தண்டா குடித்தேன். கால் மணி நேரத்தில் படபடப்பு, வியர்வை, பிறகு வயிற்றோட்டம். பயந்துவிட்டேன். (கே.கே.நகர்)

நீங்கள் விவரிப்பது டம்பிங் எனப்படும் நிலையோடு பொருந்துகிறது. பைபாஸில் இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, அதை நேரடியாகச் சிறுகுடலோடு இணைத்துவிடுவதால், சர்க்கரை மிகுந்த எதுவும் இரைப்பையில் தங்காமல் குடலுக்குள் மொத்தமாக இறங்குகிறது. அதைக் கரைக்க உடல் இரத்தத்திலிருந்து நீரைக் குடலுக்கு இழுக்கிறது. அதனால்தான் இதயம் அடித்துக்கொள்கிறது. நன்னாரி சர்பத், காய்ச்சிய பால், ஐஸ்கிரீம் என்று ஜிகர்தண்டாவில் சேர்பவை எல்லாமே இனிப்பு. பானகம், பதநீர், பருத்திப்பால் ஆகியவையும் இதே வகைதான். சித்திரைத் திருவிழாவின்போது தண்ணீர்ப் பந்தலில் பானகமும் நீர்மோரும் கொடுத்தால் நீர்மோரைக் கேட்டு வாங்குங்கள்.

சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து நடுக்கமும் மயக்கமும் வருமானால் அது வேறு. அப்போது இரத்தச் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். அந்த நேரத்தில் குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதிவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் பழைய அளவையே தொடர்வது ஆபத்து. நெஞ்சுவலி இருந்தால் டம்பிங் என்று நீங்களே முடிவு செய்யாமல் இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

அறுவை சிகிச்சை செய்துகொண்டதை ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. அடுத்த மாதம் எங்கள் குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டு. பந்தியில் உட்கார்ந்து சாப்பிடாமல் எழுந்தால் பங்காளிகள் தவறாக நினைப்பார்கள். எப்படிச் சமாளிப்பது? (உசிலம்பட்டி அருகில்)

இதே கேள்வி வெவ்வேறு வடிவில் பலரிடமிருந்து வந்திருக்கிறது. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். நம் பக்கத்தில் இலை காலியாக இருந்தால் பரிமாறுபவருக்கே குறை என்று நினைக்கிறோம், போதும் என்று சொல்பவரை உபசாரத்துக்காக மறுக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறோம். காரணம் தெரியாத உறவினர் கறியை அள்ளி வைக்கத்தான் செய்வார். நீங்கள் மரியாதைக்காக வேகமாக விழுங்குவீர்கள். நன்றாக மெல்லாத ஆட்டுக்கறித் துண்டு சிக்கிக்கொண்டு நெஞ்சு அடைக்கும், எச்சில் ஊறும், பந்தி நடுவில் எழுந்து ஓட வேண்டியிருக்கும். உண்மையைச் சொல்வதால் வரும் சங்கடத்தைவிட இது பெரிய சங்கடம்.

எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்த மாட்டேன். உங்கள் உடல், உங்கள் முடிவு. ஆனால் அந்தப் பந்தியில் அதிகாரத்தோடு பேசக்கூடிய ஒருவரிடம், உங்கள் அண்ணனிடமோ பெரியம்மாவிடமோ, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "வயிற்றில் அறுவை நடந்திருக்கிறது, அவருக்கு வைக்காதே" என்று அவர் ஒரு சொல் சொன்னால் பரிமாறுபவர் நகர்ந்துவிடுவார். கறித் துண்டுக்குப் பதில் நன்கு வெந்த ஈரலில் சிறிதளவு எடுத்து, இருபது முப்பது நிமிடம் மென்று சாப்பிடுங்கள். சுக்கா உலர்ந்திருக்கும், தவிருங்கள். இரவில் பரோட்டா வரும். மாவு பிசினாகித் திரண்டு அடைத்துக்கொள்வதால், முதல் சில மாதங்களுக்கு அதைத் தொடவே வேண்டாம். பங்காளிகள் குடிக்கச் சொன்னால் உறுதியாக மறுத்துவிடுங்கள். இந்த அறுவைக்குப் பின், குறிப்பாகப் பைபாஸுக்குப் பின், மது மிக விரைவாக இரத்தத்தில் ஏறும், அடிமையாகும் வாய்ப்பும் கூடும்.

ஒருவரிடம் மட்டும் ஒருபோதும் மறைக்காதீர்கள்: உங்களுக்கு எந்த மருத்துவம் பார்ப்பவரானாலும் அவரிடம். மூட்டுவலிக்குத் தெரு முனையில் வாங்கும் டைக்ளோஃபினாக், இபுபுரோஃபென் போன்ற மாத்திரைகள் பைபாஸ் செய்தவருக்குக் குடல் இணைப்பில் புண் உண்டாக்கக்கூடும். புகைப்பழக்கமும் அதே தீங்கைச் செய்யும்.

என் தங்கைக்கு ஸ்லீவ் செய்து ஏழு வாரம். மூன்று வாரமாக எது சாப்பிட்டாலும் வாந்தி. ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். இப்போது கால் மரத்துப்போகிறது, நடை தள்ளாடுகிறது. (வாடிப்பட்டி)

இதைப் படித்தவுடன் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தொடர் வாந்தி ஒருபோதும் இயல்பானதல்ல. உடலில் தயமின் எனப்படும் வைட்டமின் பி1 சில வாரங்களுக்கு மட்டுமே இருப்பு இருக்கும். வாந்தியால் அது தீர்ந்தால் நரம்பும் மூளையும் பாதிக்கப்படும், தாமதித்தால் பாதிப்பு நிலைத்துவிடலாம். அங்கே பணியில் இருப்பவரிடம் "எடைக்குறைப்பு அறுவை நடந்திருக்கிறது, மூன்று வாரமாக வாந்தி, தயமின் கொடுத்துவிட்டு குளுக்கோஸ் ஏற்றுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகக்கூடும். குழாய் போல ஆக்கிய இரைப்பை குறுகியிருக்கிறதா என்பதையும் அறுவை மருத்துவர் பார்க்க வேண்டும்.

தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. நான்காம் மாதம். (அலங்காநல்லூர்)

மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை பலருக்கும் இது நேர்கிறது; வேகமான எடை இழப்புக்கு உடல் காட்டும் எதிர்வினை இது, பெரும்பாலும் திரும்ப வளரும். புரதம், இரும்புச்சத்து, துத்தநாகம் குறையாமல் பாருங்கள். சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒன்றாக விழுங்காமல் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். பி12, வைட்டமின் டி மாத்திரைகள் வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டியவை.

திருமணமாகி ஐந்து ஆண்டு, குழந்தை இல்லை. எடை குறைந்ததும் மாதவிலக்கு சீராகிவிட்டது. உடனே முயலலாமா? (மதுரை)

நல்ல செய்தி; ஆனாலும் அறுவையிலிருந்து 12 முதல் 18 மாதம் பொறுங்கள். எடை வேகமாக இறங்கும் காலத்தில் வயிற்றுப் பிள்ளைக்குப் போதிய சத்து கிடைக்காது. எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுவதால் தடுப்புமுறை அவசியம். பைபாஸ் செய்தவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம் என்பதால் மகப்பேறு மருத்துவரிடம் வேறு வழி கேளுங்கள். "இன்னும் விசேஷம் இல்லையா" என்று கேட்பவர்களுக்கு மருத்துவர் காலம் குறித்திருக்கிறார் என்ற பதில் போதும்.

இரண்டு ஆண்டில் 38 கிலோ குறைந்தேன். இப்போது 6 கிலோ கூடிவிட்டது. கூட்டத்துக்கு வர வெட்கமாக இருக்கிறது. (மாட்டுத்தாவணி)

இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு ஓரளவு எடை ஏறுவது பலருக்கும் நடக்கிறது. அது உங்கள் ஒழுக்கக் குறைவுக்குச் சான்று அல்ல. மாலையில் முறுக்கு, மிக்சர், பிஸ்கட் என்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறதா என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். சின்ன வயிறு கறித் துண்டைத் தடுக்கும், வாயில் கரையும் மிக்சரைத் தடுக்காது. கூடவே இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

கூட்டத்துக்கு அவசியம் வாருங்கள். எடை இறங்கியவர்கள் மட்டும் வந்து பேசினால், புதிதாக அறுவை செய்துகொண்டவர்கள் எல்லாம் தானாகவே நடந்துவிடும் என்று நம்பி வீட்டுக்குப் போவார்கள். 6 கிலோ ஏறியதை எந்த மாதத்தில் கவனித்தீர்கள், அப்போது வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று நீங்கள் சொல்வது, என் உணவு அட்டவணையைவிட அவர்களுக்கு அதிகம் பயன்படும். எடைப் பொறியில் யாரையும் ஏற்றி எண்ணைப் படிக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. உங்கள் மனைவியையும் அழைத்து வாருங்கள். சமைப்பவர் அவர் என்றால் அவருக்கும் கேள்விகள் இருக்கும்.