தானியங்கிக் கதவு அசையாமல் நிற்பவரை எப்படி அறிகிறது?

நடந்து வந்தால் திறக்கும் கதவு, வாசலிலேயே அசையாமல் நின்றால் மூடிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ரேடார் உணரி மட்டும் இருந்தால் மூடத்தான் செய்யும். மேல்சட்டத்தில் உள்ள அந்த உணரி ஏறத்தாழ 24 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலைகளை அனுப்பி, எதிரொலித்து வரும் அலையின் அதிர்வெண் மாறியிருக்கிறதா என்று பார்க்கிறது. விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நேராக நெருங்குபவரால் சுமார் 160 ஹெர்ட்ஸ் மாற்றம் உண்டாகும், நிற்பவரால் ஏதும் உண்டாகாது. ஆகவே வாசற்பகுதிக்கென்று அகச்சிவப்பு உணரி தனியாகப் பொருத்தப்படுகிறது. அது தரையில் பல புள்ளிகளுக்குக் கதிர்களை வீசி, ஆளில்லாத வேளையில் திரும்பும் ஒளியின் அளவை நினைவில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து வேறுபாடு தென்படுகிற நேரம் முழுவதும் கதவை மூடவிடாது. நெடுநேரம் கிடக்கும் பெட்டியைத் தரையின் பகுதியாகவே ஏற்றுக்கொள்ளும் வகைகளும் உண்டு. பொருத்துபவர் அந்தக் கால அளவை மிகக் குறைத்து வைப்பது, என் கருத்தில், ஆபத்தானது.