முக்குல யாரு நிக்கணும்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, போன வாரம் எங்க தெருவுல ஸ்கூட்டியில நேரா வந்துட்டு இருந்தேன், முக்குல வலது பக்கத்துலேர்ந்து பால்காரர் பைக்ல சர்ருன்னு வந்துட்டாரு, ரெண்டு பேரும் பிரேக் அடிச்சதுல கேன் சாஞ்சு பாதிப் பாலு ரோட்டுல. நான் நேரா வர்றேன் நீங்கதான் நிக்கணும்னா, இல்ல ஆச்சி நீங்கதான் நிக்கணும்ங்கறாரு. யாரு சொல்றது சரி? (வாசகி, கானாடுகாத்தான்)

பதில்: கோவிச்சுக்காதீங்க ஆச்சி, பால்காரர் சொன்னதுதான் சரி. சிக்னல், போலீஸ், போர்டு எதுவும் இல்லாத சந்திப்புல, ரெண்டும் ஒரே மாதிரி தெருன்னா, நமக்கு வலது கைப்பக்கம் வர்ற வண்டிக்குத்தான் வழி விடணும். 2017-ல வந்த ஓட்டுநர் விதியிலயும் இருக்கு, அதுக்கு முன்னாடி இருந்த 1989 விதியிலயும் இதேதான். நேரா வர்றேன்னு சொல்றீங்க, அவரும் நேராத்தானே வந்தாரு!

ஏன் வலதுன்னா, நாமெல்லாம் இடது ஓரமா ஓட்டுறோம்ல, வலது பக்கத்துலேர்ந்து குறுக்க வர்றவரு நமக்குக் கிட்டத்துல இருக்கற பாதியில வருவாரு, அதனால முதல்ல மோதறது அவரோடதான். இடது பக்கத்துலேர்ந்து வர்றவரு எட்டத்துப் பாதியில வருவாரு, கொஞ்சம் டைம் கிடைக்கும்.

உங்க ஊருல இன்னொரு வில்லங்கம் இருக்கு. தெருவெல்லாம் கட்டம் போட்ட மாதிரி நேர் நேரா, வீடு முன்வாசல் ஒரு தெருவுல பின்வாசல் அடுத்த தெருவுல, நடுவுல சந்து நெடுக ஒரே சுவரு. முன்சக்கரம் வெளிய எட்டிப் பாக்கற வரைக்கும் உங்களுக்கு எதுவும் தெரியாது. அதனால பால்காரரையும் சும்மா விடமாட்டேன், வழி அவருதுன்னாலும் முக்குல ஸ்லோ பண்ணித்தான் வரணும், சர்ருன்னு வர எந்தச் சட்டமும் சொல்லல. பால் காசை ரெண்டு பேரும் பாதிப் பாதி போட்டுக்கங்க.

கேள்வி: அப்ப தெருவுலேர்ந்து காரைக்குடி மெயின் ரோட்டுல ஏறும்போதும் வலதுதானா? ரவுண்டானாவுல? (வாசகர், பள்ளத்தூர்)

பதில்: மெயின் ரோடுன்னா வலது இடது கணக்கே கிடையாது, ரெண்டு பக்கமும் போறவங்க போன பிறகுதான் நீங்க ஏறணும். தலைகீழா நிக்கற வெள்ளை முக்கோணம், சுத்தி சிவப்புக் கரை, அந்த போர்டு சொல்றதும் அதுதான். ரவுண்டானாவுல ஏற்கனவே உள்ள சுத்திட்டு இருக்கறவருக்கு வழி.

கேள்வி: எதிர்ல வர்ற பஸ் ரெண்டு தடவை லைட் அடிச்சா, நம்மளப் போகச் சொல்றாங்களா?

பதில்: ஐயையோ, நம்ம ஊருல அதுக்கு 'நான் வர்றேன், நீ நில்லு'ன்னு அர்த்தம்!

கேள்வி: ஆம்புலன்ஸுக்கு வழி விடலைன்னா நிஜமாவே 10,000 ரூபாயா? (வாசகர், தேவகோட்டை)

பதில்: நிஜந்தான். 2019 திருத்தத்துல வந்துச்சு, ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல 10,000 அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். சைரன் கேட்டதும் இடது ஓரமா ஒதுங்கிருங்க, ஆனா சரியா முக்குல போய் ஒதுங்காதீங்க, அது திரும்பறதே அங்கதான். முகூர்த்த நாள்ல கல்யாண வீட்டுக்கு வர்ற காரெல்லாம் அந்த முக்குலதான் நிக்குது, டிரைவர் உள்ள இலையில உக்காந்திருப்பாரு.