அப்பாவுக்கு இளைப்பு அதிகமாகி அட்மிட் செய்தோம். 5 நாள் ஸ்டீராய்டு மட்டும் போதுமா?

கேட்டவர் சொன்னதன் சுருக்கம்: அப்பாவுக்கு 68 வயது, பீடி பழக்கத்தால் வந்த சிஓபிடி (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்). போன தடவை இளைப்பு அதிகமானபோது 14 நாள் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். இந்தத் தடவை வேறொரு டாக்டர் 5 நாளோடு நிறுத்திவிட்டார். பழைய மாத்திரை வீட்டில் மீதி இருக்கிறது. அதையும் சேர்த்துக் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். 5 நாளில் அவர் தேறியிருந்தால் அது போதும்.

நான் டாக்டர் அல்ல. மருத்துவமனை மருந்தகத்தில் நெடுங்காலமாக இருக்கும் மருந்தாளுநர். “இவ்வளவுதானா?” என்று சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். உங்கள் சந்தேகம் நியாயமானது, ஏனென்றால் ஒரு காலத்தில் 14 நாள்கூடக் குறைவாகத்தான் தோன்றியது. 1999ல் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 271 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. ஒரு பிரிவுக்கு ஸ்டீராய்டே இல்லை, இன்னொன்றுக்கு 2 வாரம், மூன்றாவதற்கு 8 வாரம். கொடுத்தால் பலன் உண்டு என்பது தெரிந்தது. ஆனால் 8 வாரம் கொடுத்தவர்கள் 2 வாரக்காரர்களைவிட எதிலும் மேலாக இல்லை. ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்குச் சர்க்கரையும் ஏறியது. இரண்டு வாரம் என்ற வழக்கம் நிலைத்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

அதையும் குறைக்க முடியுமா என்று பார்த்தது சுவிட்சர்லாந்தில் ஐந்து மருத்துவமனைகளில் நடந்து 2013ல் வெளியான ‘ரெட்யூஸ்’ ஆய்வு. இளைப்பு முற்றி அவசரப் பிரிவுக்கு வந்த 314 பேர். எல்லோருக்கும் தினம் 40 மில்லிகிராம் வீதம் 5 நாள். ஆறாம் நாளிலிருந்து பாதிப் பேருக்கு அதே மருந்து, மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுத்த டாக்டருக்கும் தெரியாது. ஆறு மாதத்துக்குள் மறுபடி இளைப்பு முற்றியவர்கள் 5 நாள் பிரிவில் 35.9 சதவீதம், 14 நாள் பிரிவில் 36.8 சதவீதம். இறப்பிலும் மூச்சின் அளவிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. உடம்பில் சேர்ந்த ஸ்டீராய்டு மட்டும் பாதிக்குப் பாதி குறைந்தது. இன்று உலகளாவிய சிஓபிடி வழிகாட்டுதல் 40 மில்லிகிராம், 5 நாள் என்றே சொல்கிறது. உங்கள் டாக்டர் எழுதியது அதைத்தான்.

அந்த ஆய்வில் 14 நாள் எடுத்தவர்களுக்குச் சர்க்கரை கூடுதலாக ஏறியதாகவும் காணவில்லை. அப்படியானால் பாதகமில்லையே என்று தோன்றும். ஆனால் உங்கள் அப்பாவுக்கு இது முதல் தடவையும் அல்ல, கடைசித் தடவையாகவும் இருக்கப்போவதில்லை. வருடத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு வாரம் என்று கூட்டிக்கொண்டே போனால் எலும்பு, கண், சர்க்கரை எல்லாம் அடிவாங்கும். பயனில்லாத 9 நாளை எதற்காகச் சுமக்க வேண்டும்?

இரண்டு எச்சரிக்கைகள். ஏற்கெனவே மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டுவருபவர் இப்படிச் சட்டென்று நிறுத்தவே கூடாது. அது வேறு கணக்கு. அடுத்தது, அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் எல்லோரும் நெடுநாள் புகைபிடித்தவர்கள். உங்கள் அப்பாவுக்கு அது பொருந்துகிறது. ஆனால் விறகடுப்புப் புகையிலேயே வாழ்நாளைக் கழித்து சிஓபிடி வாங்கிக்கொண்ட நம் ஊர்ப் பாட்டிகள் அந்தக் கணக்கில் இல்லை. அவர்களுக்கும் இதையேதான் கொடுக்கிறோம், வேறு வழியில்லை. ஆனாலும் இந்த இடைவெளி எனக்கு உறுத்துகிறது.

ஐந்தா பதினான்கா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு அந்த ஆய்வில் முதலில் கண்ணில் படுவது இரண்டு பக்கமும் இருக்கும் 36தான். எத்தனை நாள் கொடுத்தாலும் மூன்றில் ஒருவருக்கு மேல் ஆறு மாதத்தில் மறுபடி முற்றிவிடுகிறது. உங்கள் கவலை அங்கே போக வேண்டும்.

அப்பா இன்ஹேலரை எப்படி எடுக்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? எங்கள் கவுன்டருக்கு வந்த ஒரு பெரியவர், ரோட்டாகேப் தீர்ந்துவிட்டது, ஆனால் குணமே தெரியவில்லை என்றார். எப்படிப் போடுகிறீர்கள் ஐயா என்றேன். “காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, வெந்நீரில் விழுங்குகிறேன்.” மூச்சில் இழுக்க வேண்டிய பொடி வயிற்றுக்குள் போயிருக்கிறது. கருவியை வாங்கியிருந்தார், அது பெட்டிக்குள்ளேயே இருந்தது. அதை எடுத்து, கேப்சூலைச் செருகித் திருகி, மூச்சை முழுக்க வெளியே விட்டபின் வாயில் வைத்து வேகமாக இழுக்கச் சொன்னேன். உள்ளே கேப்சூல் கடகடவென்று ஆடும் சத்தம் கேட்டதும் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். அந்தச் சத்தம்தான் சரியாக இழுத்ததற்கு அடையாளம். இழுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும் என்பதையும் அவருக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. இழுக்கத் தெம்பில்லாதவர்களுக்கு ஸ்பேசர் (மருந்தைப் பிடித்துவைக்கும் குழாய்) வைத்த பம்ப் தோதாக இருக்கும். அதை டாக்டரிடம் கேளுங்கள்.

பீடியை விட்டாரா என்பதை நீங்கள் எழுதவில்லை. விடவில்லை என்றால் மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி, நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி இரண்டையும் கேட்டுப்பாருங்கள். பயிற்சி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, மேற்பார்வையோடு நடப்பது, கைகால்களுக்கு வலுவேற்றுவது, மூச்சுப் பழக்கம். மாத்திரையாக இல்லாததால் நம் ஊரில் இதற்கு மதிப்பில்லை.

அப்பாவின் சீட்டில் மூச்சுக்குழாயை விரிக்கும் தியோபிலின், டெரிஃபிலின் வகை மாத்திரை அநேகமாக இருக்கும். நம் ஊரில் இளைப்பு என்றாலே அதுதான். பிரிட்டனில் 1,500க்கும் அதிகமானோருக்கு, இழுக்கும் ஸ்டீராய்டோடு குறைந்த அளவு தியோபிலினையும் ஓராண்டு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2018ல் வந்தது. ஆண்டுக்கு நோய் முற்றிய சராசரி, தியோபிலின் எடுத்தவர்களுக்கு 2.24, போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு 2.23. இதை வைத்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இன்னும் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: தியோபிலின் சாப்பிடுபவருக்கு சளிக்காக சிப்ரோஃப்ளாக்சசின் எழுதிவிட்டால் இரத்தத்தில் தியோபிலின் எகிறும். வாந்தி, படபடப்பு, சில சமயம் வலிப்புவரை போகும். எந்தக் கடையில் வாங்கினாலும் பழைய சீட்டைக் காட்டி வாங்குங்கள்.

ஆன்டிபயாடிக்கும் ஒவ்வொரு முறையும் தேவைப்படாது. கனடாவின் வின்னிபெக்கில் நடந்து 1987ல் வந்த ஆய்வு மூன்று அறிகுறிகளைப் பார்க்கச் சொன்னது: மூச்சு வாங்குவது கூடியிருக்கிறதா, சளியின் அளவு கூடியிருக்கிறதா, சளி சீழ் போல மாறியிருக்கிறதா. மூன்றும் இருந்தவர்களுக்குத்தான் மருந்தின் பலன் தெளிவாகத் தெரிந்தது. டாக்டர் சளியின் நிறத்தைக் கேட்டால் கூச்சப்படாமல் சொல்லச் சொல்லுங்கள்.

கடைசியாக ஆக்சிஜன். வீட்டில் சிலிண்டர் வைத்திருப்பவர்கள் அப்பா திணறுவதைப் பார்த்ததும் பதறிப்போய் முழுவதுமாகத் திறந்துவிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் சிஓபிடியாக இருக்கும் என்று கருதி ஆம்புலன்ஸில் ஏற்றிய 405 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010ல் வந்தது. ஒரு பிரிவுக்கு நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர், இன்னொன்றுக்கு விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரில் 88 முதல் 92 சதவீதத்துக்குள் நிற்கும் அளவுக்கு மட்டும். தாராளமாகக் கொடுத்த பிரிவில் 9 சதவீதம் பேர் இறந்தார்கள், அளந்து கொடுத்த பிரிவில் 4 சதவீதம். சிஓபிடி உறுதியானவர்களை மட்டும் எடுத்தால் 9க்கு 2. அளவுக்கு மீறிய ஆக்சிஜன் இவர்கள் நுரையீரலில் இரத்தமும் காற்றும் சேரும் ஒழுங்கைக் குலைத்து, கரியமில வாயுவைத் தேங்கவைக்கிறது. ஆள் அமைதியாகித் தூங்குவது போலத் தெரியும். நிம்மதியாகத் தூங்குகிறார் என்று விட்டுவிடக் கூடாது, அப்போதுதான் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். உதடு நீலம் பாரித்தாலும், ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாலும் அதேதான்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, அப்பாவுக்கு ஆக்சிஜன் எந்த அளவில் நிற்க வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிரிட்டனில் இதற்கென்றே எச்சரிக்கை அட்டை கொடுக்கிறார்கள். 108 வண்டி வந்ததும் உள்ளே இருப்பவரிடம் முதலில் அதை நீட்டுங்கள்.