வெந்நீர் ஊற்றின் வாயுவும் ஆழத்துப் பாறைக்குழம்பும்

கேள்வி: எரிமலைப் பகுதிகளில் ஊற்றுகளிலும் நீராவித் துளைகளிலும் வாயுவைப் பிடித்து, அடியில் பாறைக்குழம்பு மேலெழுகிறதா என்று அறிகிறார்களாம். பல கிலோமீட்டர் ஆழத்தில் நடப்பது வாயுவில் எப்படித் தெரியும்?

பதில்: வாயு எவ்வளவு வருகிறது என்பதைவிட, அதிலுள்ள ஐசோடோப்புகள் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகைகள்) எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதே இங்கு முக்கியம். இதற்கு மிகவும் நம்பத்தக்கது ஹீலியம். அது எதனோடும் வினைபுரிவதில்லை. ஆகவே பாறையையும் நிலத்தடி நீரையும் கடந்து வந்த பிறகும் தான் பிறந்த இடத்தின் அடையாளத்தைச் சுமந்திருக்கிறது. பூமியின் மேலோட்டுப் பாறைகளில் யுரேனியமும் தோரியமும் சிதைவதால் ஹீலியம்-4 இடைவிடாமல் உண்டாகிறது. ஹீலியம்-3-இன் பெரும்பகுதியோ, பூமி உருவானபோதே உள்ளே அகப்பட்டு, மேலோட்டுக்குக் கீழுள்ள மூடகத்தில் இன்றும் எஞ்சியிருப்பது. காற்றில் பத்து லட்சம் ஹீலியம்-4 அணுக்களுக்கு ஏறத்தாழ 1.4 ஹீலியம்-3 அணுக்கள் உள்ளன. இந்த விகிதத்தை 1 என்று கொண்டால், மூடகத்திலிருந்து எழும் நடுக்கடல் முகடுகளின் எரிமலைப் பாறைகளில் அது சுமார் 8. மேலோட்டுப் பாறைகளில் சுமார் 0.02 மட்டுமே. இத்தனை பெரிய இடைவெளி இருப்பதால், மூடகத்து வாயு சிறிதளவு கலந்தாலும் அளவீட்டில் தெரிந்துவிடும்.

கலிபோர்னியாவின் மாமத் மலையில் இது நன்றாக வெளிப்பட்டது. 1989-இல் அம்மலைக்கு அடியில் பல மாதங்கள் சிறு நிலநடுக்கங்கள் தொடர்ந்தன. அதையடுத்து அங்குள்ள நீராவித் துளையில் ஹீலியம்-3-இன் பங்கு தெளிவாக உயர்ந்தது. 1990-இல் மரங்கள் பட்டுப்போகத் தொடங்கியபோது வறட்சியோ பூச்சியோ காரணம் என்றே முதலில் எண்ணினார்கள். ஆனால் மண்ணிலுள்ள வாயுவைச் சோதித்தபோது, சில இடங்களில் அதன் பெரும்பகுதி கரியமில வாயுவாக இருந்தது. வேர்கள் மூச்சுவிட ஆக்சிஜன் கிடைக்கவில்லை. அந்தக் கரியமில வாயுவில், உயிருள்ளவற்றில் காணப்படும் கதிரியக்கக் கார்பனான கார்பன்-14 இல்லை என்பது, அது அழுகும் இலைதழைகளிலிருந்து வரவில்லை, ஆழத்திலிருந்து வந்தது என்பதற்குச் சான்றாயிற்று. இருப்பினும் மலை வெடிக்கவில்லை. விகிதம் உயர்ந்தால் புதிய பாறைக்குழம்பு வாயுவை விடுகிறது என்று கொள்ளலாமே தவிர, எரிமலை வெடிக்கும் நாளை அதைக் கொண்டு குறிக்க இயலாது. அதனால்தான் ஒரே துளையில் ஆண்டுக்கணக்கில் மாதிரி எடுப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஒற்றை அளவீட்டில் ஏற்றமும் தெரியாது, இறக்கமும் தெரியாது.

மாதிரி எடுப்பதிலும் கவனம் வேண்டும். ஹீலியம் கண்ணாடியின் ஊடே மெல்லக் கசியக்கூடியது என்பதால் செம்புக் குழாயில் பிடித்து, இரு முனைகளையும் நசுக்கி மூடுகிறார்கள். காற்று எவ்வளவு கலந்தது என்பதை காற்றிலிருந்து வந்து உடனிருக்கும் நியான் வாயுவின் அளவைக் கொண்டு கணக்கிட்டுக் கழிக்கிறார்கள்.

கேள்வி: மேற்கு வங்கத்தின் பக்ரேஸ்வர் வெந்நீர் ஊற்றுகளிலும் ஹீலியம் வருகிறதே, அங்கும் அடியில் எரிமலை இருக்கிறதா?

பதில்: இல்லை. அங்கு வருவது பெரும்பாலும் மேலோட்டுப் பாறைகளின் கதிரியக்கச் சிதைவில் பிறந்த ஹீலியம்-4. நீரின் வெப்பமும், ஆழத்துப் பிளவுகள் வழியே நீர் இறங்கிச் சூடேறி மேலே வருவதால் ஏற்படுவதே.