இரண்டு வருட சமூக அறிவியல் பட்டத்துக்குக் காசு மதிப்பு உண்டா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம். கிரீன் கார்டு வந்து மூன்று வருடம் ஆகிறது. மகன் ஓலோனி என்ற கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருட அரசுக் கல்லூரி) இரண்டாவது செமஸ்டர் படிக்கிறான். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று சேர்ந்தவன் கால்குலஸைப் பாதியில் விட்டுவிட்டான். இப்போது சமூக அறிவியலில் அசோசியேட் பட்டம் வாங்கப் போகிறேன் என்கிறான். "அதை வச்சு என்ன சம்பாதிப்பே?" என்று அவன் அப்பா தினமும் கேட்கிறார். ஊரிலிருந்து மாமியார், "ரெண்டு வருஷம்னா டிப்ளமாவா?" என்கிறார். அந்தப் பட்டத்துக்கு உண்மையில் பண மதிப்பு உண்டா?

பதில்: முதலில் உங்கள் மாமியாருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். நம் ஊர் பாலிடெக்னிக் டிப்ளமா ஒரு தொழிலைக் கற்றுக்கொடுத்து நேரே வேலைக்கு அனுப்பும். கம்யூனிட்டி காலேஜிலும் அப்படிப்பட்ட படிப்புகள் உண்டு. நர்சிங் இருக்கிறது, பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்யும் ஹைஜீனிஸ்ட் படிப்பு இருக்கிறது. சமூக அறிவியல் அந்த ரகம் இல்லை. அது நான்கு வருட பேச்சலர் பட்டத்தின் முதல் பாதி, அவ்வளவுதான். கூரை போடாத வீட்டுக்கு வாடகை வராது. ஆனால் அடித்தளத்தை மலிவாகப் போட முடிந்தால் அதுவும் லாபம்தானே?

வாடகை வராது என்பதற்கு முதலில் கணக்கு. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2023ஆம் ஆண்டு விவரப்படி, முழுநேர ஊழியர்களின் வாரச் சம்பளம் (நடுவில் நிற்பவரின் சம்பளம்) பள்ளிப் படிப்போடு நின்றவர்களுக்கு 899 டாலர், அசோசியேட் பட்டதாரிகளுக்கு 1,058 டாலர், பேச்சலர் பட்டதாரிகளுக்கு 1,493 டாலர். பள்ளிக்கும் அசோசியேட்டுக்கும் வாரம் 159 டாலர் வித்தியாசம். வருடத்துக்கு எட்டாயிரத்துச் சொச்சம். "பரவாயில்லையே" என்று தோன்றும். ஆனால் அந்த 1,058க்குள் நர்ஸும் ஹைஜீனிஸ்டும் சேர்ந்தே உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த இரண்டு வேலையிலும் வருடம் 80,000 டாலருக்கு மேல் சாதாரணமாக வருகிறது. அவர்கள்தான் அந்த எண்ணை மேலே தூக்குகிறார்கள். உங்கள் மகன் அந்த எண்ணைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்தப் பட்டத்தோடு நின்றால் கிடைக்கக்கூடிய வேலைகளில் அதன் பாடங்களோடு ஒட்டியது சமூகசேவை உதவியாளர் வேலை. 2023இல் நாடு முழுக்க அதன் நடுச் சம்பளம் வருடத்துக்கு 41,410 டாலர், மணிக்கு இருபது டாலருக்குக் கொஞ்சம் கீழே. கலிஃபோர்னியாவில் பெரிய துரித உணவுச் சங்கிலிக் கடைகளில் 2024 ஏப்ரல் முதல் குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 20 டாலர். நாட்டுக் கணக்கையும் மாநிலக் கணக்கையும் இப்படிப் பக்கத்தில் வைப்பது முழு நியாயமில்லை, இங்கே அந்த வேலைக்குக் கொஞ்சம் கூடவே கொடுப்பார்கள். ஆனாலும் ஒரு விஷயம் உறுத்துகிறது: அந்த உதவியாளர் வேலையில் சேரப் பொதுவாகப் பள்ளிப் படிப்பே போதும் என்கிறது அதே துறை.

வேறு சில கதவுகளும் உண்டு. மத்திய அரசு நிதி பெறும் பள்ளிகளில் ஆசிரியருக்கு உதவியாளராகச் சேர இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பு ஒரு தகுதி. மத்திய அரசு வேலையில் ஜிஎஸ்-4 என்ற படியில் நுழையலாம். பேச்சலர் இருந்தால் ஜிஎஸ்-5. ஆனால் மத்திய அரசு வேலைக்குப் பெரும்பாலும் குடியுரிமை வேண்டும், கிரீன் கார்டு போதாது.

சரி, இப்போது உங்கள் கணவர் பார்க்காத பக்கத்துக்கு வருவோம். அவர் படிப்பின் பெயரைப் பார்க்கிறார். நான் அது எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்க்கச் சொல்வேன்.

கலிஃபோர்னியாவில் வசிப்பவருக்குக் கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் யூனிட்டுக்கு (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர். பட்டத்துக்குத் தேவையான 60 யூனிட்டுக்கும் சேர்த்து 2,760 டாலர். முதல்முறை கல்லூரிக்கு வந்து முழுநேரமாகப் படிப்பவர்களுக்கு இதையும் தள்ளுபடி செய்யும் திட்டம் பல கல்லூரிகளில் உண்டு. உங்கள் மகன் விண்ணப்பித்தானா என்று கேளுங்கள். இதே இரண்டு வருடத்தை சான் ஹோசே ஸ்டேட் போன்ற, 'கால் ஸ்டேட்' எனப்படும் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்தால் 2025-26 கணக்கில் வருடத்துக்கு 6,450 டாலர் கட்டணம், வளாகக் கட்டணங்கள் தனி. யூசி (பெர்க்லி போன்ற வளாகங்களைக் கொண்ட கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) என்றால் வருடம் 15,000 டாலரை ஒட்டி வரும். ஆக முதல் பாதியை ஓலோனியில் முடித்தால் கால் ஸ்டேட்டை ஒப்பிட பத்தாயிரம் டாலர், யூசியை ஒப்பிட சுமார் 27,000 டாலர் மிச்சம். கடைசியில் கையில் வரும் பேச்சலர் சான்றிதழ் அந்தப் பல்கலைக்கழகத்துடையதுதான்.

இந்த மிச்சத்தைக் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. தப்பான யூனிட்டுகளை எடுத்துவிட்டு, மாறிப் போன பிறகு ஒரு வருடம் கூடுதலாகப் படிக்க நேர்வது. ஒரு வருடக் கட்டணமும் போய், ஒரு வருடச் சம்பளமும் போனால் சேமித்த பத்தாயிரம் எங்கே நிற்கும்? நாடு முழுக்க எடுத்த கணக்கில் கம்யூனிட்டி காலேஜில் தொடங்குகிறவர்களில் மூன்றில் ஒருவர்தான் நான்கு வருடக் கல்லூரிக்கு மாறுகிறார். தொடங்கிய நூறு பேரில் ஆறு வருடத்துக்குள் பேச்சலரை முடிப்பவர்கள் பதினாறு பேர் போல. பயமுறுத்தச் சொல்லவில்லை. எங்கே கவனம் வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அதனால் உங்கள் மகனிடம் கேட்க வேண்டியது, "எந்த ஏஏ?" (ஏஏ என்பது கலைப் பாடங்களில் வாங்கும் அசோசியேட் பட்டத்தின் சுருக்கம்.) சமூக அறிவியலில் இரண்டு வகைப் பட்டம் உண்டு. "சமூக, நடத்தை அறிவியல்" என்பது போன்ற பொதுப்பெயரில் வரும் சாதாரண ஏஏ ஒன்று. இன்னொன்று சோசியாலஜி, சைக்காலஜி, எகனாமிக்ஸ், பொலிட்டிக்கல் சயின்ஸ் என்று ஒரே துறையின் பெயரில் வரும் ஏஏ-டி. அந்த 'டி' டிரான்ஸ்ஃபருக்கானது. 2010இல் மாநிலம் கொண்டுவந்த சட்டத்தின் பயன் அது. ஏஏ-டி முடித்தவருக்குக் கால் ஸ்டேட் அமைப்பில் மூன்றாம் ஆண்டு மாணவராக இடம் உறுதி. அதற்கு இணையான துறையில் இன்னும் 60 யூனிட்டில் பேச்சலரை முடிக்கலாம். எந்த வளாகம் என்பதற்குத்தான் உறுதி கிடையாது. ஒரே எழுத்துதான் வித்தியாசம். அதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு என்னிடம் வந்து உட்காரும் பெற்றோரை நிறையப் பார்த்துவிட்டேன்.

யூசி ஆசை இருந்தால் ஏஏ-டி மட்டும் போதாது. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் 'டேக்' என்ற முன்னுறுதி தருகின்றன. அதற்குச் செப்டம்பர் மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பெர்க்லியும் யுசிஎல்ஏவும் சான் டியாகோவும் தருவதில்லை. எந்தப் பாடம் எங்கே செல்லும் என்பது அசிஸ்ட் என்ற மாநிலத் தளத்தில் கல்லூரிவாரியாக இருக்கிறது. கவுன்சிலர் சொன்னாலும் அதில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

துறை விஷயத்தில் என் அபிப்பிராயம்: கால்குலஸைத் திரும்ப எடுக்க அவனுக்கு மனமிருந்தால் எகனாமிக்ஸ். சமூக அறிவியலில் சம்பளம் அதிகம் வருவது அதில்தான். இல்லையென்றால் சைக்காலஜி ஏஏ-டி. அதில் புள்ளியியலும் ஆய்வுமுறைப் பாடமும் கட்டாயம். தரவு, ஆள் தேர்வு, பொது சுகாதாரம் என்று எந்தப் பக்கம் போனாலும் அந்த இரண்டும் உதவும். கவுன்சிலிங்கோ சமூகப் பணியோ செய்ய வேண்டுமென்றால் மாஸ்டர்ஸ் வரை போக வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் வையுங்கள். அப்பாவின் பிடிவாதத்துக்காகக் கம்ப்யூட்டர் சயின்ஸிலேயே உட்கார்ந்து மார்க் ஷீட்டில் மேலும் இரண்டு 'டபிள்யூ' (பாடத்தைப் பாதியில் விட்டதற்கான குறி) வாங்குவதுதான் எல்லாவற்றிலும் விலை கூடிய வழி.

உங்களுக்குக் கிரீன் கார்டு இருப்பதால் இதெல்லாம் இவ்வளவு சுலபம். எச்-4இல் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் பிள்ளைக்கு மத்திய அரசு உதவித்தொகை கிடையாது, 21 வயதில் அந்த விசாவும் முடிந்துவிடும். எச்-1பி வேலைக்குப் பொதுவாகப் பேச்சலராவது வேண்டும் என்பதால் ஏஏவோடு நிற்கும் யோசனையே அவர்களுக்கு வேண்டாம்.

வருமான வரியில் கல்விக்கு வருடம் 2,500 டாலர் வரை ஒரு கழிவு உண்டு, ஒரு மாணவருக்கு நான்கு வருடம் மட்டும். ஆனால் தம்பதியின் வருமானம் 1,80,000 டாலரைத் தாண்டினால் கிடையாது. ஃப்ரீமான்ட்டில் இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீடுகளில் பல அதைத் தாண்டிவிடும். தாண்டவில்லையென்றால் ஒன்று கவனியுங்கள்: நான்கு கல்வி ஆண்டு என்பது ஐந்து வரி ஆண்டுகளைத் தொடும். கட்டணமே குறைவாக இருந்த வருடத்தை விட்டுவிட்டு மற்ற நான்கில் கேளுங்கள்.

அப்புறம், பட்டம் தானாக வீட்டுக்கு வந்துவிடாது. பல கல்லூரிகளில் மாணவரே விண்ணப்பம் போட்டுக் கேட்க வேண்டும், அதற்குக் கடைசித் தேதியும் உண்டு. கடைசி செமஸ்டர் தொடங்கியதுமே உங்கள் மகன் அந்தத் தேதியைத் தெரிந்துவைத்துக்கொள்ளட்டும்.