கேள்வி பதில்: எந்தக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர்வது?

கேள்வி: எனக்கு இரண்டு கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று பழமையும் புகழும் வாய்ந்தது. அதற்கென்று பெரிய மருத்துவமனை இருக்கிறது. மற்றது அண்மையில் தொடங்கப்பட்டது. இறுதியாண்டு மாணவர்களை வெளி மருத்துவமனைகளுக்கும் பண்ணைகளுக்கும் அனுப்பிப் பயிற்றுவிக்கிறது. பழைய கல்லூரியையே எடுத்துக்கொள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் எதை வைத்து முடிவு செய்ய வேண்டும்?

பதில்: கல்லூரியின் வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள். உலகின் முதல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு 1761ஆம் ஆண்டில் பிரான்சின் லியோன் நகரில் அனுமதி கிடைத்தது. அதை நிறுவிய குளோது பூர்ஜெலா குதிரையேற்றத்தில் பெயர் பெற்றவர். ஐரோப்பாவின் மாட்டு மந்தைகளை வெக்கை நோய் மீண்டும் மீண்டும் அழித்துவந்த காலம் அது. தொழுவத்துக்குப் போய் நோயைக் கண்டறிந்து அதைத் தடுக்கக்கூடிய ஆட்கள் தேவைப்பட்டதால்தான் அப்படியொரு கல்லூரியே பிறந்தது. ஒரு கல்லூரியை மதிப்பிட இன்றைக்கும் அதே அளவுகோல் போதும்: படிப்பை முடித்து வெளியே வரும் நாளன்று, யாரும் பக்கத்தில் இல்லாமல், உங்களால் எவற்றையெல்லாம் செய்ய முடியும்? உலக விலங்கு சுகாதார அமைப்பு 2012ஆம் ஆண்டில் பட்டம் பெறும் முதல் நாளிலேயே ஒரு கால்நடை மருத்துவருக்கு இருக்க வேண்டிய திறன்களைத் தொகுத்து வெளியிட்டதும் இதே நோக்கத்தோடுதான். அந்தத் தொகுப்பைப் படித்துவிட்டு இரண்டு கல்லூரிகளின் பாடத்திட்டங்களையும் அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதற்கும் முன்னதாக அங்கீகாரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். புதிய கல்லூரிகளுக்குப் பெரும்பாலும் எடுத்த எடுப்பில் முழு அங்கீகாரம் தரப்படுவதில்லை. எடுத்துக்காட்டாக, அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் கல்விக் குழு, புதிய கல்லூரிக்குத் தற்காலிக அங்கீகாரம் கொடுத்து, முதல் அணி மாணவர்கள் பட்டம் பெறும் கட்டத்தில்தான் முழு அங்கீகாரத்தை முடிவு செய்கிறது. அதன் பிறகும் ஏழு ஆண்டுகளுக்கு மிகாத இடைவெளியில் மறு ஆய்வு நடத்துகிறது. நீங்கள் சேரவிருக்கும் கல்லூரி இந்தப் படிகளில் எதில் நிற்கிறது என்பதைக் கல்லூரியின் விளம்பரத்திலிருந்து தெரிந்துகொள்ளாமல், அங்கீகாரம் வழங்கும் அமைப்பின் பட்டியலிலேயே நேரில் பாருங்கள். அங்கீகாரம் இல்லாத கல்லூரியாக இருந்தால், மற்ற எதையும் விசாரிக்கவே தேவையில்லை.

இரண்டுக்கும் அங்கீகாரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இனிமேல்தான் உண்மையான ஒப்பீடு தொடங்குகிறது. பெரிய கல்லூரி மருத்துவமனை என்றாலே சிறந்த பயிற்சி கிடைக்கும் என்ற எண்ணம் பாதிதான் சரி. பிற மருத்துவர்களால் தீர்க்க முடியாமல் பரிந்துரைத்து அனுப்பப்படும் சிக்கலான நோயாளிகளே அத்தகைய மருத்துவமனைக்கு அதிகம் வருகின்றன. அரிய இதயக் குறைபாட்டையும் முதுகுத்தண்டு அறுவையையும் அங்கே பார்க்கலாம். ஆனால் கத்தியைப் பிடிப்பவர் சிறப்பு மருத்துவராகவோ முதுநிலை மாணவராகவோ இருப்பார், இளநிலை மாணவர் பின்வரிசையில் நின்று குறிப்பெடுப்பார். வேலைக்குப் போன பின் அவரிடம் நாள்தோறும் வரப்போவதோ வயிற்றுப்போக்கு, தோல் அரிப்பு, மடிநோய், கன்று ஈனுவதில் சிக்கல், தடுப்பூசி, கருத்தடை அறுவை ஆகியவைதாம். இவற்றைத் தம் கையால் செய்யாமலே பட்டம் பெற்றவர் முதல் ஆண்டில் படும் துன்பம் பெரிது. அவரிடம் வரும் விலங்குகள் படும் துன்பம் அதைவிடப் பெரிது. ஆகவே பெரிய மருத்துவமனை உள்ள கல்லூரியில், எளிய நோய்களுக்கென்று தனிப் புறநோயாளர் பிரிவு இருக்கிறதா, கிராமங்களுக்கும் பண்ணைகளுக்கும் செல்லும் நடமாடும் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். இவ்விரண்டும் அங்கே நன்றாக நடந்தால், அந்தக் கல்லூரியை விட்டுவிட எந்தக் காரணமும் இல்லை.

வெளியிடங்களில் பயிற்சி தரும் முறைக்கும் அதற்கேயுரிய ஆபத்துகள் உண்டு. பிரிட்டனில் நாட்டிங்காம் கல்லூரி 2006ஆம் ஆண்டு முதல் இந்த முறையைப் பின்பற்றி நல்ல பெயரோடு நடந்துவருவதால் முறையைக் குறைசொல்ல முடியாது. ஆனால் மருத்துவமனைக்கு மருத்துவமனை தரம் மாறுபடும். ஓரிடத்தில் மாணவருக்குப் பொறுமையாகச் சொல்லித் தருவார்கள். இன்னோரிடத்தில் கூட்டம் மிகுந்த நேரத்தில் அவர் நாயைப் பிடித்துக்கொண்டு நிற்பதோடு சரி. வெளியிலுள்ள மருத்துவர்களுக்குக் கற்பிப்பதில் பயிற்சி கொடுக்கப்படுகிறதா, கல்லூரியின் ஆசிரியர் யாராவது அங்கேயே இருக்கிறாரா, மதிப்பெண் போடுபவர் யார், ஊர்விட்டு ஊர் சென்று தங்கும் செலவை யார் ஏற்கிறார்கள் என்பவற்றுக்குத் தெளிவான விடை கிடைக்க வேண்டும். மழுப்பலான விடை வந்தால் அதையே விடையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

விலங்குகளின் எண்ணிக்கையைக் கேட்கும்போது ஆண்டுக்கு எத்தனை ஆயிரம் என்று மொத்தத்தைக் கேட்காதீர்கள். அதை இறுதியாண்டு மாணவர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். இனவாரியாகவும் பிரித்துக் கேளுங்கள். நாயும் பூனையும் நிறைய வரும் கல்லூரியில் மாட்டின் சினைப் பரிசோதனைக்கு ஆளுக்கு ஓரிரு வாய்ப்பே கிடைக்கலாம். அது கைப்பழக்கத்தால் மட்டுமே வரும் திறன், பலமுறை செய்தாலொழிய விரல்களுக்குப் புரியாது. கோழி, பன்றி, ஆடு ஆகியவற்றின் மந்தை நலம், இறைச்சிப் பரிசோதனை, இறந்த விலங்கின் உடற்கூறாய்வு ஆகியவற்றைப் பல மாணவர்கள் விசாரிப்பதே இல்லை. உடற்கூறாய்வு நன்றாக நடக்கும் கல்லூரியில் நோயறியும் கலையும் நன்றாகவே இருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

இந்த விவரங்களை இறுதியாண்டு மாணவர்களிடம் கேட்பதே சிறந்தது. சென்ற மாதம் நீங்கள் தனியாகச் செய்த அறுவை எது, இரவுப் பணியில் மூத்தவர் யார் உடனிருந்தார், தவறு செய்தபோது ஆசிரியர் எப்படி நடந்துகொண்டார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியைக் கூச்சத்தால் விட்டுவிட வேண்டாம். பணிச்சுமையாலும் மனச்சோர்வாலும் துன்புறுவோர் இந்தத் தொழிலில் குறைவில்லை. மாணவரை அவமானப்படுத்திக் கற்பிக்கும் இடத்தில் அந்தத் துன்பம் படிக்கும்போதே தொடங்கிவிடும்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால், நான் எந்தப் பக்கமும் சாய மாட்டேன். இரண்டு கல்லூரிகளுக்கும் தலா ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: என் மகள் வெளிநாட்டில் கால்நடை மருத்துவம் படிக்க விரும்புகிறாள். அங்கே பெறும் பட்டம் எல்லா நாடுகளிலும் செல்லுபடியாகுமா?

பதில்: எல்லா நாடுகளிலும் செல்லும் பட்டம் என்று ஒன்று கிடையாது. மருத்துவராகப் பதிவு செய்யும் அதிகாரம் அந்தந்த நாட்டின் கால்நடை மருத்துவ மன்றத்திடமோ அதற்கு நிகரான அமைப்பிடமோ இருக்கிறது. எனவே தங்கள் மகள் எந்த நாட்டில் பணிபுரிய விரும்புகிறார் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அந்த நாட்டு அமைப்பிடம் எழுத்து மூலம் கேளுங்கள். படிக்கப்போகும் கல்லூரியின் வாய்மொழி உறுதியை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் ஆகிய நாடுகளின் சில கல்லூரிகளுக்கு அமெரிக்க அங்கீகாரமும் இருக்கிறது. அங்கே படித்தவர்கள் அமெரிக்காவின் உரிமத் தேர்வை நேரடியாக எழுதலாம். அங்கீகாரம் இல்லாத கல்லூரியில் படித்தவர்கள் அதற்கு முன் மொழித் தேர்வு, பாட அறிவுத் தேர்வு, செய்முறைத் தேர்வு என்று பல படிகளைக் கடக்க வேண்டியிருக்கும். அதற்குக் காலமும் பணமும் நிறையச் செலவாகும்.

படிப்புக் காலமும் ஒரே மாதிரி இருக்காது. அமெரிக்காவில் இளநிலைக் கல்லூரிப் படிப்புக்குப் பின் பெரும்பாலும் நான்கு ஆண்டுகள். பிரிட்டனில் பள்ளிப் படிப்பு முடிந்ததும் பெரும்பாலும் ஐந்து ஆண்டுகள், கேம்பிரிட்ஜில் மட்டும் ஆறு. கல்விக் கடன் வாங்குவதானால் இந்த ஆண்டுக் கணக்கோடு, தொடக்கநிலைக் கால்நடை மருத்துவருக்குக் கிடைக்கும் ஊதியத்தையும் சேர்த்துப் பாருங்கள். அந்த ஊதியம், மனிதர்களுக்கு மருத்துவம் பார்ப்பவர்களின் ஊதியத்தை விடப் பல நாடுகளில் குறைவு. கடன் சுமை குறைந்த, அங்கீகாரம் பெற்ற சாதாரணக் கல்லூரி, கடனில் மூழ்கடிக்கும் புகழ்பெற்ற கல்லூரியை விட மேலானது என்றே நான் சொல்வேன்.

கேள்வி: உயிருள்ள விலங்குகளைப் பயிற்சிக்காக அறுத்துக் கொல்வதை என் மனம் ஏற்கவில்லை. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் கருதலாமா?

பதில்: தாராளமாகக் கருதலாம். பிரிட்டன் ஆய்வாளர்களான வில்லியம் ரசல், ரெக்ஸ் பர்ச் ஆகிய இருவரும் 1959ஆம் ஆண்டிலேயே ஆய்வு விலங்குகளைப் பற்றி மாற்று (விலங்குக்குப் பதில் வேறு வழி), குறைப்பு (விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைத்தல்), செம்மை (அவற்றின் வலியைக் குறைக்கும் முறைகள்) என்ற மூன்று கொள்கைகளை முன்வைத்தார்கள். அவை இன்று கற்பித்தலுக்கும் பரவியிருக்கின்றன. தையலும் முடிச்சும் பழகச் செயற்கை உருவங்கள், உடற்கூறு கற்க உரிமையாளர்கள் மனமுவந்து கொடுத்த இறந்த விலங்குகளின் உடல்கள், அறுவை பழகக் காப்பகத்து நாய்களுக்கும் பூனைகளுக்கும் செய்யும் கருத்தடை என்று பல கல்லூரிகள் மாறிவிட்டன. காப்பகத்து விலங்கு அறுவைக்குப் பின் பிழைத்து, நலமாக ஒரு வீட்டுக்குப் போகும் என்பதால் மாணவரும் கூடுதல் கவனத்தோடு கற்கிறார். மாணவர் மறுப்புத் தெரிவித்தால் மாற்று வழி தருவதற்கு எழுதப்பட்ட விதி இருக்கிறதா என்று சேர்வதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள்.

ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுவது முறை. தீராத வலியில் இருக்கும் விலங்கைக் கருணையோடு உயிர்நீக்குவதும், தொற்று பரவும்போது மந்தையைப் பற்றி முடிவெடுப்பதும் இந்தத் தொழிலின் பகுதிகள். எந்தக் கல்லூரியும் உங்களை அவற்றிலிருந்து விலக்கிவைக்க முடியாது. சேரும் முன் ஒரு கால்நடை மருத்துவரின் அனுமதி பெற்றுச் சில வாரங்கள் அவரோடு இருந்து பாருங்கள். பல கல்லூரிகள் சேர்க்கையின்போது அந்த அனுபவத்தைக் கேட்கவும் செய்கின்றன.