கதாநாயகன் என்ன வேலை பார்க்கிறான்?

"காதல், நகைச்சுவை, குற்றம், திகில், அனிமேஷன் என்று எல்லா வகையிலும் நீங்கள் பரிந்துரைக்கும் படங்கள் எவை? எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள்?" என்பது கேள்வி. பின்பாதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எந்த வகைப் படமாக இருந்தாலும் சரி, அதில் வரும் ஆள் வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்கிறான் என்று எனக்குத் தெரிய வேண்டும். 'ஐ.டி.யில் இருக்கிறான்' என்று ஒரு வசனத்தில் சொல்லிவிட்டுப் போனால் போதாது. அந்த வேலையைச் செய்யும் கையைக் கொஞ்ச நேரமாவது காட்ட வேண்டும். அப்படிக் காட்டிய படங்களில் வரும் காதலையும் கோபத்தையும் என்னால் முழுசாக நம்ப முடிகிறது. நம்பிவிட்டால் அப்புறம் பேய் வந்தாலும் பயப்படுவேன், பாட்டு வந்தாலும் அழுவேன்.

நான் கடலூர்க்காரன், அதனால் எங்கள் மாவட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். பண்ருட்டிப் பக்கம் பத்திரக்கோட்டையில் பிறந்த தங்கர் பச்சான், தான் எழுதிய நாவலையே 2007-ல் 'ஒன்பது ரூபாய் நோட்டு' என்று படமாக எடுத்தார். சத்யராஜ் இதில் மாதவர் என்கிற விவசாயி. நிலமும் மரமும் மாடுமாக நிமிர்ந்து வாழ்ந்த மனிதர், பெற்ற பிள்ளைகளாலேயே மனம் உடைந்து மனைவியோடு வீட்டைவிட்டு வெளியேறுகிறார். சத்யராஜின் படங்களில் எனக்கு இதுதான் முதலிடம். மனைவி வேலாயியாக அர்ச்சனா நடித்திருப்பதைப் பற்றித் தனியாக ஒரு பதிலே எழுதலாம். படத்தில் கொஞ்சம் அழுகை கூடுதல் என்று நண்பர்கள் சொல்வார்கள். எனக்கு அது கூடுதலாகத் தெரியவில்லை. எங்கள் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனிகள் கருத்து, தோல் உரிந்து கிடக்கும். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைத்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவார்கள். அந்த மண்ணை அறிந்தவர் எடுத்த படம் இது என்பது காட்சிக்குக் காட்சி தெரியும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. பல தலைமுறை கண்ட மரங்கள் அவை. அதற்குப் பிறகு இந்தப் படத்தைப் பார்க்கிறபோது கதைக்காக மட்டும் பார்க்க முடிவதில்லை. அவருடைய 'அழகி' (2002) இதைவிடப் பிரபலம். அதில் பள்ளிக்கூடப் பருவம் வரும் பகுதியும் இளையராஜாவின் இசையும் போதும், நான் விளக்க வேண்டியதில்லை.

வெற்றிமாறன் பிறந்ததும் கடலூரில்தான். 'ஆடுகளம்' (2011) 6 தேசிய விருதுகள் வாங்கிய படம் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது அதில் சேவலைக் கையாளும் விதம். சேவலைத் தயார்படுத்துவதும் களத்தில் இறக்குவதும் ஒரு தொழில், ஒரு வித்தை, ஒரு கௌரவம் என்று காட்டிய பிறகுதான் குருவான பேட்டைக்காரனின் பொறாமை வருகிறது. அந்த வரிசை மாறியிருந்தால் அது வழக்கமான குரு சிஷ்யன் சண்டையாகப் போயிருக்கும். 'விசாரணை', மு. சந்திரகுமார் தன் சொந்த அனுபவத்தை எழுதிய 'லாக்கப்' புத்தகத்திலிருந்து வந்தது. ஊர்விட்டு ஊர் போய் குண்டூரில் கடைகளில் வேலை செய்துகொண்டு, ராத்திரி பூங்காவில் படுத்துக்கொள்ளும் பையன்கள். கேட்க ஆளில்லாதவர்கள் என்பதால்தான் அவர்களைப் பிடித்துக்கொண்டு போய் அடிக்கிறார்கள். இதை நிதானமாக உட்கார்ந்து பார்க்க மனசில் தெம்பு வேண்டும். ஆனாலும் பார்க்க வேண்டும்.

இதே குடும்பத்தில் வெளிநாட்டுப் படம் ஒன்று கேட்டால் டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948). போஸ்டர் ஒட்டும் வேலை கிடைக்க சைக்கிள் வேண்டும், முதல் நாளே சைக்கிள் களவு போகிறது, அவ்வளவுதான் கதை. சைக்கிள் போனால் வேலை போகும், வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது என்பது நமக்கு முன்பே தெரிந்துவிடுவதால், ரோம் நகரத் தெருக்களில் அப்பாவும் மகனும் தேடித் திரிவதைப் பதைபதைப்போடு பார்ப்போம்.

காதல் படம் என்றால் பலரும் '96' என்பார்கள். நல்ல படம்தான், நானும் பார்த்து உருகியவன். ஆனால் நான் முதலில் கைகாட்டுவது சசி இயக்கிய 'பூ' (2008). ச. தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' சிறுகதைதான் மூலம். மாரியாக பார்வதி நடித்திருக்கிறார். சிவகாசிப் பக்கத்துப் பட்டாசுத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிற பெண். மருந்து வாசனைக்கு நடுவில் நாள் முழுக்க வேலை செய்துகொண்டே மாமன் மகனை நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் காதலில் தனக்கென்று எதையும் கேட்பதில்லை, அவன் நன்றாக இருந்தால் போதும். வேறொருவனுக்கு வாழ்க்கைப்பட்ட பிறகும் அந்த அன்பு களங்கமில்லாமல் அப்படியே இருக்கிறது. வேலைக்குப் போகிற ஏழைப் பெண்ணின் காதலை இவ்வளவு மரியாதையோடு காட்டிய தமிழ்ப்படம் வேறு எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

நகைச்சுவைக்கு 'மைக்கேல் மதன காமராஜன்' (1990). நான்கு கமல் என்பதை எல்லோரும் சொல்வார்கள். நான்கு வேலை என்பதை யாரும் சொல்வதில்லை. ஒருவர் தொழிலதிபர், ஒருவர் தீயணைப்புத் துறை, ஒருவர் பாலக்காட்டுச் சமையல்காரர், ஒருவர் சட்டத்துக்குப் புறம்பான ஆள். சிரிப்பெல்லாம் அந்தந்த வேலையிலிருந்தே கிளம்புகிறது. கல்யாணச் சமையலில் சாம்பாருக்குள் மீன் விழுந்துவிடும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சமையல்காரர் காமேஸ்வரனுக்கு அது வேடிக்கை இல்லை, தொழிலே போகும் விஷயம். அதனால்தான் நமக்கு அப்படிச் சிரிப்பு வருகிறது. கிரேசி மோகனின் வசனத்துக்காகத் திரும்பப் பார்க்கும்போது, சிங்கீதம் சீனிவாச ராவ் ஆட்களை எங்கெங்கே நிறுத்தியிருக்கிறார் என்பதையும் கவனியுங்கள். புதுச்சேரியைக் கதைக்களமாகக் கொண்ட 'நானும் ரௌடி தான்' (2015) படமும் பிடிக்கும். அம்மா போலீஸ், பிள்ளைக்கு ரௌடியாக ஆசை. அந்த வெள்ளை, மஞ்சள் சுவர்த் தெருக்களில் தினமும் நடப்பவர்களுக்குக் கூடுதல் சந்தோஷம்.

குற்றப் படங்களில் 'அந்த நாள்' (1954) இன்னும் பார்க்காதவர்கள் உடனே பாருங்கள். வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர் இயக்கியது, ஒரு பாட்டுகூடக் கிடையாது. சென்னையில் ஜப்பானியர்கள் குண்டு போட்ட 1943-ல் கதை நடக்கிறது. சிவாஜி ஒரு ரேடியோ எஞ்சினியர். தன் திறமையையும் ஆராய்ச்சியையும் சொந்த நாடு மதிக்கவில்லை என்ற ஆத்திரம்தான் அவனைத் தேசத் துரோகி ஆக்குகிறது. வளர்ந்துவரும் ஒரு நாயக நடிகர் அந்தக் காலத்தில் இப்படி ஒரு வேடத்தை ஏற்றதை நினைத்தால் இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது. அடுத்து பிரெஞ்சு இயக்குநர் பிரெஸ்ஸானின் 'எ மேன் எஸ்கேப்டு' (1956). சிறையில் இருப்பவன் ஒரு ஸ்பூன் கைப்பிடியைத் தேய்த்து உளியாக்கி, கதவுப் பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்க்கிறான். துணியையும் கட்டில் கம்பியையும் முறுக்கிக் கயிறு திரிக்கிறான். தப்பிப்பான் என்று தலைப்பே சொல்லிவிடுகிறது, இருந்தும் நாற்காலி நுனியில் உட்கார்ந்துதான் பார்ப்போம். இந்த மாதிரிப் படங்கள் பிடித்துவிட்டால், புதுச்சேரியில் இருப்பவர்கள் அலியான்ஸ் பிரான்சேஸ் என்கிற பிரெஞ்சுப் பண்பாட்டு மையத்தின் திரையிடல்களில் ஒரு கண் வைத்திருங்கள்.

திகிலுக்கு 'பீட்சா' (2012) ஒன்று போதும். பீட்சா டெலிவரி பண்ணும் பையன், ஒரு வீடு, சில்லறை இல்லை என்று உள்ளே கூப்பிடுகிறார்கள். மேற்கொண்டு சொல்ல மாட்டேன்.

சினிமாக் கொட்டகையைப் பற்றிய படம் ஒன்று சொல்லாமல் முடிக்க மனசில்லை. வசந்தபாலனின் 'வெயில்' (2006). அப்பா கொடுத்த தண்டனையில் அவமானப்பட்டு வீட்டைவிட்டு ஓடிய முருகேசன், ஒரு தியேட்டரில் ஒண்டிக்கொண்டு ஆபரேட்டராக வளர்கிறான். பசுபதி வாழ்ந்திருக்கிறார். என் மாமா ஒருவர் கடலூர் முதுநகர்ப் பக்கம், இப்போது இல்லாத ஒரு கொட்டகையில் ஆபரேட்டராக இருந்தவர். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்: இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே எரியும் வெளிச்சத்தில்தான் படம் ஓடும், குச்சி எரிந்து குறையக் குறைய இடைவெளியைச் சரிபண்ணிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திரை மங்கும், கீழே விசில் பறக்கும். ஒரு ரீல் முடியும் நேரத்தில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வரும். அதைப் பார்த்ததும் அடுத்த புரொஜெக்டரை ஓட விட வேண்டும். 'வெயில்' பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு மாமா கதையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "அந்த ரூம் சூடு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது மாப்ள" என்று அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தியேட்டர் மூடப்படும்போது முருகேசனுக்கு வயது போய்விட்டது, வேறு தொழில் தெரியாது, திரும்பிப் போக ஒரு வீடு மட்டும் மிச்சம். தோற்றுப்போன ஒரு மகனின் கதையை இவ்வளவு நேராகச் சொன்ன படம் அபூர்வம்.

அனிமேஷன் குழந்தைகளுக்கு மட்டும் என்று நினைப்பவர்களுக்கு மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே' (2001). ஆவிகள் உலகத்தில் மாட்டிக்கொள்ளும் சிறுமி, வேலை கேட்டு வாங்கினால்தான் அங்கே பிழைக்க முடியும். ஆவிகள் குளிக்கும் விடுதியில் தரை துடைக்கிறாள், தொட்டி தேய்க்கிறாள். நாற்றமடிக்கும் ஒரு ஆவியின் உடம்பிலிருந்து ஒரு சைக்கிளை இழுக்கப் போய், பின்னாலேயே குப்பை மலைபோல் கொட்டுகிறது. கடைசியில் பார்த்தால் அது ஒரு நதி தெய்வம். தொழிற்சாலைக் கழிவு கலந்த உப்பனாற்றங்கரையில் வளர்ந்த எங்களுக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்கத் தேவையில்லை.

'லைஃப் ஆஃப் பை' (2012) படத்தின் தொடக்கம் புதுச்சேரியில் நடக்கிறது, தாவரவியல் பூங்காவிலும் எடுத்தார்கள். பம்பாய் ஜெயஶ்ரீ பாடிய தமிழ்த் தாலாட்டு ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போனது. எல்லோரும் கடலையும் புலியையும் புகழ்வார்கள். விலங்குக் காட்சிசாலை நடத்துபவரின் பிள்ளை என்பதால்தான் அவன் புலியோடு ஒரே படகில் உயிர் பிழைக்கிறான் என்பதே எனக்கு முக்கியம்.

என் அளவுகோலுக்கு அடங்காத ஒரு படம் உண்டு: மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979). புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து கிளைத்தது. புதுமைப்பித்தன் பிறந்ததும் எங்கள் திருப்பாதிரிப்புலியூரில்தான். ஒரு கெட்ட மனிதன் தன்னைச் சுற்றி இருப்பவர்களை எப்படி உருக்குலைக்கிறான் என்பது மட்டும்தான் படம். தமிழில் இதற்கு மேல் ஒரு படம் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

எதில் தொடங்குவது என்று குழப்பமாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் 'அந்த நாள்'. பிள்ளைகள் இருந்தால் மஜித் மஜீதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997). ஒரு ஜோடிக் காலணியை அண்ணனும் தங்கையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற கதை, மொழி புரியாவிட்டாலும் பிள்ளைகள் அசையாமல் பார்ப்பார்கள். 'விசாரணை'யை அவர்கள் தூங்கிய பிறகு தனியாகப் பாருங்கள்.